கிசான் தவணை: சிக்கல் பட்டாவில் தொடங்குகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விவசாயிகளுக்கு ஒன்றிய அரசு தரும் பிரதமரின் கிசான் நிதி (பிஎம் கிசான்) 21-ஆவது தவணை 2025 நவம்பர் 19 அன்று கோயம்புத்தூரில் விடுவிக்கப்பட்டது. நாடு முழுக்க சுமார் 9 கோடி விவசாயிகளுக்கு ஏறத்தாழ 18,000 கோடி ரூபாய் என்று எல்லாப் பத்திரிகைகளிலும் செய்தி வந்தது. தவணை வெளியானதும் வருகிற இன்னொரு செய்தி பத்திரிகைகளில் வருவதில்லை. மறுநாள் காலையில் சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் பக்கத்து இ-சேவை மையங்களில் போய் நின்றால் அது காதில் விழும்: “பக்கத்து காட்டுக்காரருக்கு ஏறிடுச்சு, எனக்கு ஏறலை.”

தவணைக்கு 2,000 ரூபாய், வருடத்துக்கு 6,000. திட்டம் 2018 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அன்றிலிருந்து தொகை ஒரு ரூபாய்கூட உயரவில்லை. இன்றைய விலையில் ஒரு மூட்டை டிஏபி 1,350 ரூபாய், 45 கிலோ யூரியா 266 ரூபாய் 50 காசு. ஒரு தவணைக்கு ஒரு மூட்டை டிஏபியும் இரண்டு மூட்டை யூரியாவும் வாங்கினால் கையில் நூறு ரூபாய் சொச்சம் மிஞ்சும். மரவள்ளிக்கோ மக்காச்சோளத்துக்கோ உரம் வைக்கிற நேரத்தில் இது சின்னத் தொகை இல்லை. ஒருமுறை நின்றுபோனால் ஏன் நின்றது என்று தெரியாமலே மூன்று நான்கு தவணை போய்விடுகிறது என்பதுதான் வருத்தம்.

பணம் வராதவர்கள் முதலில் ஓடுவது வங்கிக்கு. வங்கியில் ‘எங்களிடம் வரவே இல்லை’ என்று அனுப்பிவிடுவார்கள். உண்மையில் முதலில் பார்க்க வேண்டிய இடம் பிஎம் கிசான் இணையதளத்தில் உள்ள ‘நோ யுவர் ஸ்டேட்டஸ்’ பக்கம். பதிவு எண்ணைப் போட்டு, கைப்பேசிக்கு வரும் ஓடிபியைத் தட்டினால் திறக்கும். பதிவு எண் மறந்துவிட்டால் அதே பக்கத்திலேயே கைப்பேசி எண்ணையோ ஆதார் எண்ணையோ வைத்து எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தில் மூன்று வரிகளைப் பார்த்தால் போதும்: லேண்ட் சீடிங் (நில விவர இணைப்பு), இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு), ஆதார் வங்கிக் கணக்கு சீடிங் (ஆதாரோடு வங்கிக் கணக்கு இணைப்பு). மூன்றிலும் ‘எஸ்’ இருக்க வேண்டும். எதில் ‘நோ’ என்று இருக்கிறதோ அதற்குரிய இடத்துக்கு மட்டும் போனால் போதும், மற்ற அலைச்சல் வீண்.

இந்த மூன்றில் இ-கேஒய்சிதான் எளிது. ஆதாரோடு கைப்பேசி எண் இணைந்திருந்தால் வீட்டிலிருந்தே ஓடிபி போட்டு முடித்துவிடலாம். எண் இணையாதவர்கள் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைக்க வேண்டும். கரும்பு வெட்டியும் களை பறித்தும் ரேகை தேய்ந்த விரல்களை இயந்திரம் ஏற்காது. பலர் அங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகவே பிஎம் கிசான் செயலியில் முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வசதி 2023 ஜூனில் வந்தது. ஒருவர் தன் கைப்பேசியிலுள்ள செயலியைக் கொண்டு அக்கம்பக்கத்து விவசாயிகள் 100 பேர் வரைக்கும் இதைச் செய்து கொடுக்கலாம். ஊருக்கு ஒரு படித்த பிள்ளை முன்வந்தால் ஒரே நாளில் தெருவே முடிந்துவிடும். ஆதாரில் கைப்பேசி எண்ணைச் சேர்க்க ஆதார் மையம்வரை போக வேண்டும் என்பதும் இல்லை. தபால்காரர் வழியாக இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி அதைச் செய்து தருகிறது.

வங்கி விஷயத்தில்தான் பெரிய குழப்பம். ‘ஆதார் லிங்க் பண்ணியாச்சு’ என்று பாஸ்புத்தகத்தைக் காட்டுவார்கள். கணக்குத் திறக்கும்போது ஆதார் நகல் கொடுத்தது வேறு, அரசு மானியம் வரும் கணக்காக ஆதாரைச் சீட் செய்வது வேறு. இப்போது பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. ஆதார் எண்ணைப் பார்த்து வருகிறது. ஒரு ஆதாருக்கு எந்த வங்கி என்ற குறிப்பு, வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் அமைப்பான என்பிசிஐயிடம் இருக்கிறது. அந்தக் குறிப்பில் ஒரு வங்கிதான் இருக்க முடியும். கடைசியாக எதைச் சீட் செய்தோமோ அது. சிம் வாங்கும்போதோ, யாரோ வற்புறுத்தியோ திறந்த ஒரு பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கு கடைசியாக இணைந்திருந்தால் கிசான் பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். கூட்டுறவு வங்கிப் பாஸ்புத்தகத்தை எத்தனை முறை வரவு போட்டாலும் அதில் தெரியாது. ஆதார் இணையதளத்தில் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ என்ற இடத்தில் எந்த வங்கி என்று பெயரோடு வரும். அதைப் பார்த்த பிறகே வங்கிக்குப் போக வேண்டும். மாற்ற விரும்பினால் புது வங்கியில் சீடிங் படிவம் எழுதிக் கொடுத்தால் பழைய இணைப்பு தானாக விடுபடும்.

மூன்றும் ‘எஸ்’, ஆனாலும் பணம் இல்லை என்றால் தவணை விவரத்தில் உள்ள வாசகத்தைப் படிக்க வேண்டும். ‘வெயிட்டிங் ஃபார் அப்ரூவல் பை ஸ்டேட்’ என்றால் மாநில அளவில் இன்னும் ஒப்புதல் ஆகவில்லை. ‘ஆர்எஃப்டி சைன்டு’ என்றால் மாநிலம் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டது. ‘எஃப்டிஓ ஜெனரேட்டட்’ என்றால் பணம் அனுப்பும் ஆணையே தயார், சில நாளில் ஏறும். கடைசி இரண்டில் எது வந்தாலும் யாரிடமும் அலைய வேண்டியதில்லை.

இனி முதல் வரி, லேண்ட் சீடிங். கள்ளக்குறிச்சி மாதிரி ஒரு மாவட்டத்தில் தவணை நிற்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். வங்கிக் கிளையில் கூட்டம் கூடுகிறது, ஆனால் கோளாறு வருவாய்த் துறைப் பதிவேட்டில் இருக்கிறது.

2022 அக்டோபரில் வந்த 12-ஆவது தவணையிலிருந்து நில விவரம் சரிபார்த்தவர்களுக்கே பணம் என்று ஆனது. அதாவது விவசாயியின் பெயர் வருவாய்த் துறையின் நில உரிமைப் பதிவான சிட்டாவில் இருக்க வேண்டும். நம் பக்கத்துப் பட்டாக்களில் எத்தனையோ இன்னும் 1980-களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் எழுதப்பட்ட பெயர்களிலேயே இருக்கின்றன. தாத்தா பெயரில் பட்டா, அப்பாவும் போய்விட்டார், மூன்று மகன்கள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் உழுகிறார்கள். உழவில் யாருக்கும் சந்தேகமில்லை. வரப்பு எங்கே என்று ஊருக்கே தெரியும். ஆனால் கணினிக்குத் தெரிந்தது தாத்தாவை மட்டும்தான்.

பெயர் இருந்தாலும் பொருந்தாத இடங்கள் உண்டு. ஆதாரில் ‘செ. முருகன்’, சிட்டாவில் ‘செல்லன் மகன் முருகேசன்’. ஆதாரில் ‘சின்னப்பையன்’, பட்டாவில் சாதிப் பட்டத்தோடு ‘சின்னபையன் கவுண்டர்’. பெண்களுக்கு இன்னும் மோசம்: பட்டாவில் கணவர் பெயர், ஆதாரில் தந்தையின் முன்னெழுத்து. படிக்கிற மனிதருக்கு ஒரே ஆள் என்று நொடியில் புரியும். பொருத்திப் பார்க்கும் மென்பொருள் தள்ளிவிடும்.

இதில் சரிசெய்யும் வரிசை முக்கியம். தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் அதிகம். முதலில் சிட்டாவை இணையத்தில் எடுத்துப் பாருங்கள், காசில்லை. மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண் போட்டால் வந்துவிடும். பெயர் தவறு மட்டும் என்றால் பட்டாவில் பெயர்த் திருத்தத்துக்கு மனு. அல்லது ஆதார்தான் தவறு என்றால் ஆதாரைத் திருத்துங்கள், கட்டணம் 75 ரூபாய். இரண்டில் எது சுலபமோ அதைச் செய்யலாம், ஆனால் பத்திரத்தில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுவதே பிற்காலத்துக்கு நல்லது.

உரிமையாளர் இறந்திருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டையும் வைத்து இ-சேவை மையம் வழியே பட்டா மாற்றம் கேட்கலாம். எல்லா வாரிசுகள் பெயரும் சேர்ந்து கூட்டுப் பட்டாவாக வரும். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்து தனிப் பட்டா வாங்க வேண்டும் என்றால் உட்பிரிவு, நில அளவை, செலவு, காத்திருப்பு என்று நீளும். கிசான் தவணைக்குக் கூட்டுப் பட்டாவே போதும். அதில் பெயர் இருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் தகுதி உண்டு. தனிப் பட்டா வரட்டும் பிறகு பார்க்கலாம் என்று உட்கார்ந்திருப்பவர்கள் வருடத்துக்கு 6,000 ரூபாயை விட்டுக்கொண்டிருக்கிறார்கள். புதிதாகப் பதிவு செய்பவருக்குப் பதிவாகும் நான்கு மாதக் காலத்திலிருந்துதான் பணம். போன வருடங்களுக்குத் திரும்பத் தரமாட்டார்கள். அதே நேரம், ஏற்கெனவே பதிவானவர் இ-கேஒய்சி, வங்கி, நில விவரம் போன்ற குறையால் நிறுத்தப்பட்டிருந்தால், குறையைத் தீர்த்ததும் நிலுவைத் தவணைகள் வரும். இந்த வித்தியாசம் பலருக்குத் தெரியாது. இறந்தவர் பெயரில் தொடர்ந்து ஏறும் பணத்தை எடுத்துச் செலவழிப்பதும் நடக்கிறது. அது பின்னால் வசூலிக்கப்படும்.

இன்னொரு பொறி இருக்கிறது, இதைப் பத்திரப் பதிவு அலுவலக வாசலில் எழுதியே ஒட்டலாம். நிலம் 2019 பிப்ரவரி 1-க்குள் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு விலைக்கு வாங்கியவருக்குக் கிசான் பணம் கிடையாது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டுமே விலக்கு. ஆக, உயிரோடிருக்கும் அப்பா மகனுக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தால் அப்பாவுக்கு நிலம் இல்லை, மகனுக்குத் தகுதி இல்லை. இரண்டு பக்கமும் போச்சு. எழுத வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது, அது குடும்ப விஷயம். ஆனால் தெரிந்து எழுத வேண்டும்.

2025-இல் ஒன்றிய வேளாண் அமைச்சகம் சந்தேகப் பட்டியல் ஒன்றைப் பிரித்தெடுத்து நேரடிச் சரிபார்ப்பு முடியும்வரை அவர்களுக்குப் பணத்தை நிறுத்தியது. அதில் முக்கியமான இரண்டு வகை: மேற்சொன்ன தேதிக்குப் பிறகு நிலம் வந்தவர்கள், ஒரே குடும்பத்தில் கணவனும் மனைவியும் தனித்தனியாக வாங்குபவர்கள். திட்டத்தின் கணக்கில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது நிறையாத பிள்ளைகள். வயது வந்த மகன் தனிக் குடும்பம். கணவன், மனைவி இருவர் பெயரிலும் பட்டா இருந்தாலும் ஒருவருக்குத்தான் தவணை. வாரிசாக வந்த நிலமாயிருந்தும் பட்டியலில் சிக்கியவர்கள் பட்டா மாற்ற ஆணை, இறப்புச் சான்று, முந்தைய உரிமையாளரின் விவரம் ஆகியவற்றோடு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ‘வாலண்டரி சரண்டர்’ என்ற பொத்தானைப் புரியாமல் அழுத்திவிடாதீர்கள். திட்டத்தையே வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது அது.

தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் தொடங்கிய விவசாயிகள் தனித்துவ அடையாள எண் பதிவும் இதே பட்டாவின் மேல்தான் நிற்கிறது. ஆதார், ஆதாரோடு இணைந்த கைப்பேசி, சிட்டா மூன்றும் கொண்டுபோனால் 11 இலக்க எண் கிடைக்கும், பதிவு இலவசம். கிசான் தவணைக்கும் பிற மானியங்களுக்கும் இந்த எண் வேண்டும் என்று வேளாண் துறை அறிவித்திருக்கிறது. பழைய பட்டாவோடு போகிறவர் இங்கேயும் திரும்பி வருகிறார். பல புல எண்கள் உள்ளவர்கள் ஒரு பட்டாவை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். எல்லா நிலத்தையும் ஏற்றச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பயிர் இழப்பீட்டுக் காலத்தில் தலைவலி.

சரிபார்ப்பு இவ்வளவு கடுமையானதற்கு இந்த மாவட்டத்திலேயே ஒரு பழைய கதை உண்டு. 2020-இல் ஊரடங்கு நேரத்தில் பதிவுமுறை தளர்த்தப்பட்டது. அலுவலகக் கடவுச்சொற்கள் வெளியாட்கள் கைக்குப் போயின. நிலமே இல்லாதவர்கள் விவசாயிகளாகப் பதிவானார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, சேலம் உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியற்ற ஐந்தரை லட்சம் பேருக்கு 110 கோடி ரூபாய் போனதாக அரசே சொன்னது. சிபிசிஐடி விசாரித்தது, ஒப்பந்த ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள், வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் திரும்ப எடுக்கப்பட்டது. அன்று நடந்தது கணினிக்குள் நுழைந்தவர்கள் செய்த திருட்டு. அதற்கும் சேர்த்து இன்று கதவில் நிற்பவர் பட்டா மாறாத சிறு விவசாயி. சரிபார்ப்பு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சரிபார்க்கிற துறையும் பட்டா மாற்றித் தருகிற துறையும் ஒரே மேசையில் உட்காருவதில்லை என்பதுதான் குறை. வேளாண் அலுவலகத்தில் ‘விஏஓவைப் பாருங்கள்’. விஏஓவிடம் போனால் ‘கிசான் எங்கள் வேலை இல்லை’. இரண்டு பேர் சொல்வதும் விதிப்படி சரிதான்.

செய்ய முடியாத காரியம் எதுவும் இதில் இல்லை. ஒவ்வொரு வருடமும் மே, ஜூன் மாதங்களில் வட்டாட்சியர் அலுவலகங்களில் கிராமக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி நடக்கிறது. கிராமவாரியாக லேண்ட் சீடிங் ‘நோ’ என்றுள்ளவர்களின் பட்டியல் வேளாண் துறையிடம் உண்டு. அந்தந்த கிராமத்துக்குரிய ஜமாபந்தி நாளில் அந்தப் பட்டியலோடு உதவி வேளாண்மை அலுவலர் ஒருவர் வந்து உட்கார வேண்டும். வாரிசு வழிப் பட்டா மாற்ற மனுக்களை அன்றே வாங்கி, எண் போட்டு, முடித்ததும் விவரத்தை வேளாண் பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். மாவட்ட ஆட்சியரின் ஒரு சுற்றறிக்கை போதும். பயனாளிகள் பட்டியலை ஊராட்சியில் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது திட்ட விதியிலேயே இருக்கிறது. வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் இரண்டிலாவது பணம் வருகிறவர், தவணை நின்றவர், நின்ற காரணம் என்று வாசிக்கட்டும். இறந்தவர் பெயரும் வெளிவரும், நிலமில்லாதவர் பெயரும் வெளிவரும். கடவுச்சொல்லைத் திருடி ஊர் முன்னால் நிற்க முடியாது.

இதையெல்லாம் செய்தாலும் ஒரு கூட்டத்துக்கு வழி பிறக்காது. குத்தகைக்கு உழுகிறவர்கள். திட்டம் நில உரிமையாளருக்கு, உழுகிறவருக்கு இல்லை. கோயில் நிலத்தை உழுபவர், வெளியூரில் இருப்பவரின் கரும்புக் காட்டைப் பார்ப்பவர், கல்வராயன் மலையில் தலைமுறையாகப் பயிர் வைத்தும் பட்டா இல்லாதவர் யாருக்கும் தவணை இல்லை. ஆந்திரத்தில் 2019-இல் வந்த ரைத்து பரோசா திட்டத்தில் பட்டியல், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைப் பிரிவுக் குத்தகைதாரர்களுக்கும் பணம் கொடுத்தார்கள். வேளாண்மைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2024 டிசம்பரில் தொகையை 12,000 ஆக்கவும் குத்தகை விவசாயிகளைச் சேர்க்கவும் பரிந்துரைத்தது. தொகை அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் குத்தகை உரிமைப் பதிவேட்டுக்கு 1969-லேயே சட்டம் இருக்கிறது. அதில் பெயர் ஏற நில உரிமையாளர்கள் ஒத்துக்கொள்வதில்லை, குத்தகைதாரர்களும் அடுத்த வருடம் நிலம் கைவிட்டுப் போகும் என்று பயந்து கேட்பதில்லை. வாய்மொழிக் குத்தகையை விஏஓவின் சாகுபடிக் கணக்கான அடங்கல் பதிவிலாவது சாகுபடியாளர் பெயரோடு எழுதினால் பயிர்க் காப்பீடு, இழப்பீட்டுக்காவது உதவும். இந்த விஷயத்தில் மாநில அரசே முதல் அடி எடுக்கலாம். டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. தவணை நேரத்தில் ‘பிஎம் கிசான்’ என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (செயலியை நிறுவும் கோப்பு) நிறுவ வேண்டாம். அது கைப்பேசியிலிருக்கும் ஓடிபிகளைத் திருடி வங்கிக் கணக்கைக் காலி செய்யும். செயலியை பிளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள். பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். தவணை பற்றிய சந்தேகங்களுக்குக் கட்டணமில்லா எண் 155261. அடுத்த தவணைச் செய்தி வெளியிடும்போது இந்த இரண்டு எண்களையும், நிலையைப் பார்க்கும் முறையையும் செய்திக்குக் கீழேயே ஒரு பெட்டியில் போட வேண்டும் என்று தங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சின்னசேலம் வட்ட வாசகர்கள்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.